மீண்டும் திறந்த கண்

வானை ஆராய மனிதர் அனுப்பும் கருவிகள் யாவும் வெற்றி பெறுவதில்லை. தோற்ற முயற்சிக்கே மீண்டும் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்னும் வினா எந்நாட்டிலும் எழக்கூடியது. செலவிடலாம், ஆனால், அதற்கு ஒரு தகுதி வேண்டும். அத்தகுதி யாது என்பதைக் கருந்துளை ஆய்வின் அண்மைக்கால வரலாறு உணர்த்துகிறது.

பெரிய விண்மீன் திரள்கள் பெரும்பாலானவற்றின் நடுவில் மீப்பெரும் கருந்துளை ஒன்று உள்ளது. அதனுள் சென்ற ஒளியும் மீள்வதில்லை. ஆயினும், அதனை நோக்கி ஈர்க்கப்படும் வளிமம் வட்டு வடிவில் சுழன்று வெப்பமடைகிறது. கருந்துளையை ஒட்டிய மிகு வெப்பப் பகுதியிலிருந்து எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றன. இவ்வாறு நடுப்பகுதி பேரொளி வீசும் திரள்களே செயல்மிகு விண்மீன் திரள்கள் எனப்படுகின்றன.

அக்கதிர்கள் சூழ்ந்துள்ள இரும்பு அணுக்களைத் தாக்கும்போது, 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு நிறமாலைக்கோடு தோன்றுகிறது. கருந்துளைக்கு மிக அருகிலுள்ள இரும்பு தரும் கோடு, சுழற்சி விரைவாலும் ஈர்ப்பு வலிமையாலும் அகன்று காணப்படும். தொலைவிலுள்ள இரும்பு தரும் கோடு குறுகியிருக்கும். எனவே, கோட்டின் வடிவமே பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சான்றாகிறது. 1993ஆம் ஆண்டு ஜப்பான் ஏவிய ஆஸ்கா செயற்கைக்கோள் அகன்ற கோட்டைக் கண்டறிந்தது. எனினும், குறுகிய கோடுகளை நுணுகிப் பிரித்தறியும் திறன் அதற்கில்லை.

அத்திறனுக்காக உருவானதே நுண்கலோரிமானி. எக்ஸ் கதிரின் ஒவ்வோர் ஒளித்துகளும் தரும் மிகச்சிறு வெப்பத்தையும் அளக்கவல்ல இக்கருவியை, 0.05 கெல்வின் வெப்பநிலைக்குக் குளிர்விக்க வேண்டும். ஜப்பானும் அமெரிக்காவும் இணைந்து இதனை விண்ணுக்கு அனுப்ப முனைந்தன. 2000ஆம் ஆண்டு ஏவூர்தி பழுதுற்றுச் செயற்கைக்கோள் அழிந்தது. 2005இல் சுசாகு செயற்கைக்கோள் விண்ணை அடைந்தது; ஆனால், குளிர்விக்கும் ஹீலியம் சில வாரங்களிலேயே ஆவியாகிவிட, நுண்கலோரிமானி பயனற்றுப்போனது. 2016 பிப்ரவரியில் ஹிட்டோமி ஏவப்பட்டது. கண்மணி என்பது அப்பெயரின் பொருள். அக்கண்மணியும் மார்ச் 26ஆம் நாள் சிதைந்தது. சுழலாத செயற்கைக்கோள் சுழல்வதாக அதன் கட்டுப்பாட்டு அமைப்பு தவறாகக் கணித்தது. தரையிலிருந்து அனுப்பப்பட்டிருந்த பிழையான அளவுகள் சுழற்சியை மேலும் பெருக்கின.

மூன்று முறை இழந்தபின் நான்காம் முறை முயல்வது வீண்செலவன்றோ எனக் கேட்பதில் நியாயம் உண்டு. பசியும் பிணியும் நீங்காத உலகில் அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இதுவரை செலவிட்டோம் என்பதற்காகவே மேலும் செலவிடுவது அறிவுடைமையும் ஆகாது. மறுமுயற்சிக்கு வேறு காரணம் வேண்டும். ஹிட்டோமியில் அக்காரணம் இருந்தது. அழிவதற்கு முன்பே அது பெர்சியஸ் திரள்கொத்தின் வெப்ப வளிமம் நொடிக்கு ஏறத்தாழ 164 கிலோமீட்டர் விரைவில் அசைவதை அளந்து காட்டியிருந்தது. கருவி செவ்வனே இயங்கும் என்பது அதனால் உறுதியாயிற்று. மேலும், வடிவமைப்பிலும் இயக்கத்திலும் நேர்ந்த தம் பிழைகளை ஜப்பான் விண்வெளி முகமை ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே உலகறிய வெளியிட்டது.

அந்நேர்மையின் பயனை 2023 செப்டம்பர் 7ஆம் நாள் ஏவப்பட்ட கிரிசம் செயற்கைக்கோள் தந்தது. என்ஜிசி 4151 என்னும் செயல்மிகு திரளில், ஒரே கோடாகத் தோன்றிய இரும்புக்கோடு கருந்துளையிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் பிறந்த கோடுகளின் தொகுப்பு என அது காட்டியது. இதிலும் ஒரு குறை நேர்ந்தது. கருவியின் முன்னுள்ள அடைப்பு திறக்காமையால் ஆற்றல் குறைந்த கதிர்கள் தடுக்கப்படுகின்றன. அதுவும் மறைக்கப்படவில்லை.

ஆய்வகத்தில் எதிர்பார்த்த விடை வராதபோது, அளவுகளை மாற்றி எழுதும் மாணவர் ஒரு மதிப்பெண்ணைப் பெறலாம். பிழை நேர்ந்த இடத்தை அறியும் வாய்ப்பை இழப்பார். உள்ளதை உள்ளவாறு எழுதுபவரே மறுமுறை செய்து பார்க்கும் உரிமையைப் பெறுகிறார். விண்வெளி ஆய்வுக்குப் பொதுப்பணத்தைக் கேட்கும் நாடுகளுக்கும் உரிய தகுதி இதுவே.