இறக்கத்தில் நியூட்ரல்... டீசல் மிச்சமாகுமா?

‘‘கொடைக்கானல் மலையிலிருந்து கேரட், உருளைக்கிழங்கு ஏற்றி வரும் பிக்-அப் வண்டியை, டீசலை மிச்சப்படுத்துவதற்காக ஓட்டுநர் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார். இது சரியா?’’
- வாசகர், பூம்பாறை.

சரியல்ல. டீசலும் மிச்சமாகாது, உயிருக்கும் ஆபத்து.

இப்போது வரும் காமன் ரயில் டீசல் இன்ஜின்களில், வண்டி கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், டீசல் போவது தானாகவே நின்றுவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் விட்டால், இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் செலவாகிக்கொண்டே இருக்கும். அதோடு, பாரம் மொத்தத்தையும் பிரேக்தான் தாங்க வேண்டும். தொடர்ந்து மிதித்தால் சூடாகி, பிரேக் பிடிக்காமல் போய்விடும். எந்த கியரில் ஏறியதோ, அதே கியரில் இறங்குவதுதான் மலைப்பாதைக்குப் பாதுகாப்பு.

டீசலை மிச்சப்படுத்த வேறு வழிகள் இருக்கின்றன. 60 கி.மீ வேகத்தைவிட 80 கி.மீ வேகத்தில் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. எனவே, சமவெளியில் சீரான, மிதமான வேகம் போதும். மூட்டை ஏற்றி இறக்கும்போது இன்ஜினை அணைத்துவிட வேண்டும். டயரில் காற்றைப் பயணத்துக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். டேங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடியும் நிரப்பும்போது கணக்குப் பார்த்தால், வித்தியாசம் ஓட்டுநருக்கே புரிந்துவிடும்.