பிறந்த வீட்டை மறந்த லினக்ஸ்

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 சிப் கொண்ட பெர்சனல் கம்ப்யூட்டரில். யூனிக்ஸ் போன்ற ஒன்று தன் மெஷினில் ஓட வேண்டும் என்பதுதான் ஆசை. ஏடி வகை ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெதையும் இது அநேகமாக ஏற்காது, தன்னிடம் இருப்பதே அதுதான் என்று அந்த ஆகஸ்டில் அறிவித்தார். 2012 டிசம்பரில் லினக்ஸ் கெர்னலிலிருந்து 386க்கான வரிகளே நீக்கப்பட்டன. டோர்வால்ட்ஸ் கண்கலங்கவில்லை. விட்டது சனி என்கிற தொனியில் வழியனுப்பிவைத்தார்.

பழைய கம்ப்யூட்டரா, லினக்ஸ் போடு என்று கண்ணை மூடிக்கொண்டு யோசனை சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய கதை இது. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு, விண்டோஸ் 11 ஏற்காத மெஷின்களோடு விழிப்பவர்களுக்கு இந்த யோசனை தாராளமாகவே கிடைக்கிறது. யோசனையில் தப்பில்லை. ஆனால் சிக்கல் வயதில் மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் டிரைவர் வேண்டும். தயாரித்த கம்பெனி விவரம் தர மறுத்தால், யாராவது துருவித் துருவித்தான் அதை எழுத வேண்டும்.

தொண்ணூறுகளின் 'வின்மோடம்' பிரமாதமான உதாரணம். விலையைக் குறைக்க, மோடத்தின் முக்கியமான சிப்பை எடுத்துவிட்டு அதன் வேலையை விண்டோஸ் டிரைவரின் தலையில் கட்டினார்கள். அட்டைப்பெட்டியில் மோடம் என்றுதான் போட்டிருக்கும். லினக்ஸுக்கோ அது வெறும் டெலிபோன் ஓட்டை. அதைவிடப் பழைய வெளி மோடமோ சீரியல் போர்ட்டில் செருகியதும் வேலை செய்தது.

இன்னொரு கூத்து, 2003ல் சென்ட்ரினோ லேப்டாப்களில் வந்த பென்டியம் எம். 4 ஜிபிக்கு மேல் மெமரியைக் கையாளும் பிஏஇ வசதி அந்த சிப்பில் இருந்தது. ஆனால் ஆரம்பகால சிப்களுக்கு அதைச் சொல்லிக்கொள்ளத் தெரியவில்லை. 2012ல் உபுண்டு அந்த வசதியைக் கட்டாயமாக்கியதும், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. பூட் செய்யும்போது 'ஃபோர்ஸ்பிஏஇ' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும் என்ற நிவாரணம் 2014ல்தான் வந்தது.

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13ல் 32 பிட் பிசிக்களுக்கு இன்ஸ்டாலரே கிடையாது. 486ஐ இன்னும் பொக்கிஷமாக வைத்திருப்பவர்களுக்கு நெட்பிஎஸ்டி இருக்கிறது. விண்டோஸ் 11 கைவிட்டவை பெரும்பாலும் 64 பிட் என்பதால் அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. வைஃபை கார்டும் பழைய கிராஃபிக்ஸ் சிப்பும்தான் மக்கர் செய்யும்.

ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்த்துவிடலாம். வைஃபை பட்டியலில் வீட்டு இணைப்பின் பெயர் வருகிறதா? ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா? லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா? வைஃபை மட்டும் தகராறு என்றால் யுஎஸ்பியில் செருகும் சின்ன அடாப்டர் போதும். வாங்கும்போது கம்பெனி பெயரைவிட, உள்ளே என்ன சிப் என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது.