வெடிப்பை அடைக்கவும் காலம் பார்க்க வேண்டும்

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-ல் பெயர் மாறிய போர்ட் பிளேரிலிருந்து ரங்கத், மாயாபந்தர் வழியாக டிக்லிப்பூர் வரை சுமார் 330 கிலோமீட்டர் ஓடுகிறது அந்தமான் டிரங்க் ரோடு. இன்று அதற்கு 4-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். ரங்கத்திலுள்ள நம்மவர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் தலைநகரின் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரிதான். கர்ப்பிணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, கான்வாய் நேரம் பார்த்து இந்த ரோட்டில் வந்தவர்களைக் கேட்டால் ஒவ்வொரு குலுக்கலையும் கணக்குச் சொல்வார்கள்.

பள்ளம் விழுந்த ரோடு குலுக்குவது புதிதல்ல. புதிதாகத் தார் போட்ட ரோடும் ஏன் குலுக்க வேண்டும்?

ரோடு மேலும் கீழும் ஏறி இறங்குவதற்கு அடியிலுள்ள மண்ணின் அசைவு, மோசமான அடித்தளம் என்று காரணங்கள் பல. யாரும் அதிகம் கவனிக்காத காரணம் ஒன்றும் உண்டு. மேல்பூச்சுப் போடுவதற்குச் சற்று முன்பு பழைய ரோட்டின் வெடிப்புகளில் ரப்பர் கலந்த தாரை ஊற்றி அடைக்கிறார்கள். இது நல்ல காரியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அடைப்பது நல்லதுதான், அடைக்கும் நேரமும் அளவும் தப்பினால் வினை.

சுமார் 140 டிகிரி சூட்டில் புதிய தார்க்கலவை மேலே விழும்போது, வெடிப்பிலுள்ள பூச்சு இளகிப் பொங்குகிறது. அந்த இடத்தில் கலவைக்குப் பிடிப்பில்லை. ரோலர் வரும்போது கலவை நசுங்குவதற்குப் பதில் வழுக்கி முன்னே தள்ளப்படுகிறது. வெடிப்பைத் தாண்டிச் சின்ன மேடு எழும்பி, அதன்மேல் மயிரிழை விரிசலும் விழுகிறது. பிறகு எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் மேடு முழுதாக அடங்குவதில்லை. பூச்சு மெல்லியதாக இருந்தால் கேடு இன்னும் அதிகம். அமெரிக்கப் பொறியாளர்கள் பல காலமாக அறிந்த விஷயம் இது.

பரிகாரம் கடினமானதல்ல. அடைத்த பூச்சு நன்றாக இறுக ஆறு மாதமோ ஒரு வருஷமோ விட வேண்டும். பூச்சு ரோட்டு மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும். வழிந்து பட்டையாகப் படிந்ததைச் சுரண்டி எடுக்க வேண்டும். கலவையை ஒரே கனமாகப் போடாமல், முதலில் சமன்படுத்தும் அடுக்கு ஒன்று போடுவது உத்தமம்.

வருஷத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது. வெடிப்பைத் திறந்து விட்டால் தண்ணீர் இறங்கி அடித்தளமே போய்விடும். ஆகவே அடைக்காதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களிலேயே இரண்டு வேலையையும் அவசர அவசரமாக முடிக்கப் பார்ப்பதுதான் தவறு. இந்த வருஷ வெயிலில் அடைத்துவிட்டு, மழையைக் கடக்க விட்டு, அடுத்த வருஷ வெயிலில் மேல்பூச்சுப் போடலாமே! இரண்டுக்கும் தனித்தனி டெண்டர் விட்டால் ஆகிற காரியம். தாரெல்லாம் கப்பலில் வரவேண்டிய ஊரில் ஒரே ரோட்டை இரண்டு முறை சுரண்டிப் போடுவதைவிட இது மலிவும்கூட.

பில் பாஸ் செய்யும் முன்பு, ரோட்டின் சமதளத்தை அளக்கும் கருவியை ஒரு முறை ஓட்டி, அளவைப் பொது மக்கள் பார்க்கும்படி ரங்கத்திலும் டிக்லிப்பூரிலும் எழுதி வைக்கட்டும். வண்டி குலுங்குகிறதா இல்லையா என்பதை நாங்கள் சொல்கிறோம்.