பிளாட்பாரவாசிகளுக்குத் திட்டம் போதாது, சட்டம் வேண்டும்
வீடற்றோர் உரிமை குறித்த நிலைப்பாட்டு அறிக்கை

சென்னை பாரிமுனையிலும் வால்டாக்ஸ் சாலையிலும் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே குடித்தனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. சுமை தூக்குவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது, பூக் கட்டுவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்ப்பது என்று நகரத்தின் வேலைகளைச் செய்கிறவர்கள் இவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையின் வீடற்றோர் 16,682 பேர். இவர்களுக்கென இன்று இருப்பவை நீதிமன்ற உத்தரவுகளும் அரசுத் திட்டங்களும்தான். தனிச் சட்டம் இல்லை. அதைத் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்ற வேண்டும் என்பதே இவ்வமைப்பின் நிலைப்பாடு.

நகர்ப்புறங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. 2013இல் வந்த மத்திய அரசுத் திட்டமும் இதே அளவுகோலை ஏற்று, ஒரு காப்பகத்துக்கு 50 முதல் 100 பேர் என்று வரையறுத்தது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011இல் சென்னையின் மக்கள்தொகை சுமார் 46.5 லட்சம். 47 காப்பகங்கள் கட்டி ஒவ்வொன்றிலும் 100 பேரைத் தங்கவைத்தாலும் 4,700 பேருக்குத்தான் இடம். மிச்சமுள்ள முக்கால்வாசிப் பேர் எங்கே போவது?

இடம் இருந்தாலும் எல்லோரும் போவதில்லை. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று காப்பகங்கள் பிரிந்திருக்கும்போது, குழந்தை குட்டியோடு இருக்கும் குடும்பம் பிரிந்து போக மறுக்கிறது. விடியற்காலையில் சந்தையில் நிற்க வேண்டியவர் ஊருக்கு வெளியே போய்ப் படுத்தால் அன்றைய கூலி போச்சு. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை ஒப்புக்கொண்டது: வெளியேற்றினால் பிழைப்பு போகும், பிழைப்புரிமை வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆனால் அதே தீர்ப்பு, முறையாக அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றலாம் என்றும் சொன்னது. எழுதப்பட்ட சட்டம் இல்லாத இடத்தில் உரிமையின் எல்லை அவ்வளவுதான்.

குடிசைவாழ் மக்களுக்காக 1971இலேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. அந்தச் சட்டத்தின்கீழ் சென்னையில் முதலில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அறிவிப்புப் பணி பிறகு நின்றுபோனது. அதைவிடப் பெரிய குறை, அந்தச் சட்டம் காப்பது ஒரு பகுதியை. தலைக்கு மேல் கூரையே இல்லாத மனிதர் அதன் பார்வையில் படுவதில்லை. குடிசைகளிலிருந்து மறுகுடியமர்த்தல் என்ற பெயரில் நகரின் விளிம்பிலுள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களில் பலர், வேலையும் பள்ளியும் தூரமாகிப்போனதால் பட்ட பாட்டை மாநிலம் பார்த்திருக்கிறது.

வீடிழப்பு வாடகை வீட்டிலிருந்தும் தொடங்குகிறது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவும் செல்லும் என்கிறது. ஒரு விபத்து, ஒரு நோய், இரண்டு மாத வேலையின்மை போதும். தினக்கூலிக் குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் புரட்ட வழியிருக்காது.

வீடற்றோருக்கெனச் சட்டம் இயற்றுவது நடக்காத காரியம் அல்ல. பிரிட்டன் 1977இலேயே வீடற்றோருக்கு உதவும் சட்டக் கடமையை உள்ளாட்சிகளின் மேல் சுமத்தியது. இங்கிலாந்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 56 நாட்களுக்குள் வீடிழக்கும் நிலையில் இருப்பவருக்கே உதவத் தொடங்கச் சொல்கிறது. இந்தியாவில் ஒடிசா 2017இல் குடிசைவாசிகளுக்கு, வாரிசுகளுக்குச் சேரும் நில உரிமையைச் சட்டமாக்கியது. நிலம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

புதிய சட்டத்தில் இடம்பெற வேண்டியவை:

1. பிளாட்பாரம், மேம்பாலத்தடி, பேருந்து நிலையம், மருத்துவமனை வளாகம் ஆகிய இடங்களில் இரவைக் கழிப்பவர்களோடு, வீடிழக்கும் நிலையில் இருப்பவர்களையும் உள்ளடக்கிய வரையறை.

2. இரவு நேரக் கணக்கெடுப்பை ஆண்டுதோறும் நடத்தி வெளியிடும் கடமை உள்ளாட்சிக்கு. காப்பகங்களின் எண்ணிக்கை அந்தக் கணக்கின்படி அமைய வேண்டும். குடும்பம் சேர்ந்து தங்க இடம் வேண்டும்.

3. காப்பகம் இடைத்தங்கலாக மட்டும் இருக்க, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளில் வேலைக்கு அருகிலேயே வீடற்றோருக்கு ஒதுக்கீடு. பயனாளி பங்குத்தொகை கேட்கக் கூடாது.

4. கணக்கெடுப்பும் மாற்றிடமும் இல்லாமல் வெளியேற்றம் கூடாது. மழைக்காலத்திலும் பள்ளி ஆண்டின் நடுவிலும் அறவே கூடாது.

5. குடும்ப அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் காப்பக முகவரியே போதும் என்ற உறுதி.

6. வாடகை முன்பணத்துக்கு விதிவிலக்கில்லாத உச்சவரம்பும், நெருக்கடியில் வாடகை கட்ட உதவும் நிதியும்.

7. வறுமையைக் குற்றமாக்கும் 1945ஆம் ஆண்டுப் பிச்சை தடுப்புச் சட்டத்தின் கைதுப் பிரிவுகளை நீக்குதல். டெல்லியில் இத்தகைய பிரிவுகளை உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது.

பணத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி வரும். காப்பகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் அரசு இப்போதும் செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறது. கிடைக்காதபோது கேட்கவும், தராதவரைப் பதில் சொல்ல வைக்கவும் வழியில்லை என்பதே குறை. அதற்கான மசோதாவைச் சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே அரசு கொண்டுவர வேண்டும். வரைவை முன்கூட்டியே வெளியிட்டு, பிளாட்பாரத்தில் வாழும் குடும்பங்களிடமும் கருத்துக் கேட்க வேண்டும். எல்லாக் கட்சிகளும் கட்சி வேறுபாடு பாராமல் இதை ஆதரிக்க வேண்டும் என்று இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.