வைக்கம் வீதியும் நம் வீட்டு வாசலும்

சுற்றமும் சிநேகிதருமாகக் கூட்டங்கூடி வெளியூர் போவதென்றால், நமது மக்களுக்கு ஏதாவதொரு க்ஷேத்திரத்தைத் தவிர வேறு எண்ணமே தோன்றுவதில்லை. உண்டியலை நிரப்பி, தலையை மொட்டையடித்துத் திரும்புவதையே யாத்திரை என்கிறார்கள். ஆகவே சமீபத்தில் நாம் குடும்பத்தாரும் தோழர்களுமாக 14 பேர், ஒரு வேனில் ஈரோட்டிலிருந்து வைக்கத்துக்குப் போய்வந்தோம்.

புறப்படும்போதே தகராறு. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் ஏறமாட்டேனென்றார் நமது அத்தையார். அரைமணி நேரம் வாதாடியும் பயனில்லை. பழம் நசுங்கிய பிறகே வண்டி நகர்ந்தது. வாளையார் தாண்டியதும் பின்சக்கரத்து டயர் வெடித்தது. இறங்கிப் பார்த்தால் ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது! பழம் வைத்தவரும் டயரைப் பார்க்கவில்லை. பழம் வேண்டாமென்று வாதாடிய நாமும் பார்க்கவில்லை. மூடநம்பிக்கையை வாயால் மறுப்பது மட்டும் பகுத்தறிவாகிவிடாது என்பதை அங்கேதான் உணர்ந்தோம்.

மாற்று டயர் வந்துசேர இரண்டு மணி நேரமாயிற்று. நம் வீட்டு இட்டிலியைக் குழந்தைகள் முன்பே தீர்த்துவிட்டார்கள். மீதியிருந்தது, ஆதிதிராவிடத் தோழர் ஒருவரின் மனைவியார் கட்டிவந்த புளிச்சோறுதான். அத்தையார் முதலில் வேண்டாமென்றார்; பிறகு கொஞ்சம் வாங்கினார்; பிறகு தாமே கேட்டு வாங்கினார். அவருக்கு யாதொரு தோஷமும் நேரிடவில்லை.

நிற்க. வைக்கத்தில் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு காலத்தில் ஆடு மாடு நடக்கலாம்; ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. இதை எதிர்த்து 1924 மார்ச்சு 30-ல் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. கேரளத் தலைவர்கள் சிறைப்பட்டதும் பெரியார் ஈ.வெ.ரா. அங்கு சென்று, இருமுறை சிறை புகுந்தார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் போராட்டத்தில் இறங்கினார்கள். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோதும், கிழக்குத் தெரு முழுதும் திறக்கவில்லை. திருவிதாங்கூர்க் கோவில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936-ல்தான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே, முழங்கால் வலிக்காக அந்தத் தோழரின் மனைவியார் கையைப் பிடித்தபடி அத்தையார் நடந்தார். "இந்தத் தெருவில் நடக்கவா அத்தனை பேர் ஜெயிலுக்குப் போனார்கள்?" என்று கேட்டார். ஆம், நடப்பதற்காகத்தான்.

இரவு ஊர் திரும்பி நம் வீட்டு வாசலில் இறங்கினோம். அந்தத் தோழர் குடும்பத்தாரும் இறங்கி நின்றார்கள். "உள்ளே வாருங்கள்" என்று சொல்ல வாயெடுத்த நாம், ஒரு கணம் அத்தையார் முகத்தைப் பார்த்தோம். வைக்கத்தைப்பற்றி வழிநெடுகப் பேசி வந்த நமக்கு ஏன் அந்தத் தயக்கம்?

"ஏண்டா, என் மூஞ்சியை என்ன பார்க்கிறாய்? அவர்களை உள்ளே கூப்பிடு" என்றார் அத்தையார். நாம் வெட்கித்தான் போனோம்.

தோழர்களே! வைக்கத்துத் தெரு திறந்து நூறு வருஷமாகிறது. நமது வீடுகளில் எத்தனை சமையற்கட்டு இன்னும் மூடிக்கிடக்கிறது? பெரியவர்கள் மனம் நோகுமென்று அவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு, நாமே கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த விடுமுறைக்கு வெளியூர் போவோர், வேறு ஜாதித் தோழர் குடும்பத்தையும் அழைத்துப் போங்கள். டயரையும் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, திரும்பி வந்ததும் அவர்களை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாதீர்கள்.