பதினெட்டு வயதுத் தோளில் ஓர் ஊரின் பாரம்

அமெரிக்க நாட்டு மக்களுக்குப் பேஸ்பால் ஆட்டம் என்றால் உயிர். அங்கே 1965-ம் ஆண்டு முதல் ஒரு வழக்கம் நடந்து வருகிறது. ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் திறமை காட்டிய இளைஞர்களைத் தொழில்முறை அணிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ளும். முந்திய ஆண்டில் படுதோல்வி கண்ட அணிகளுக்கு முன்னுரிமை. விழுந்தவனுக்குக் கை கொடுக்கும் ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. நாட்டிலேயே கெட்டிக்காரப் பையன் எவனோ, அவன் வெற்றிக்கு ஏங்கித் தவிக்கும் ஊரிடம் போய் அகப்பட்டுக்கொள்கிறான்!

1973-ம் ஆண்டில் அப்படி அகப்பட்டவன் டேவிட் கிளைட். ஹூஸ்டன் நகரத்துப் பள்ளி மாணவன்; இடது கைப் பந்து வீச்சாளன். வயது 18. பள்ளியில் கடைசி ஆண்டில் 18 வெற்றி, தோல்வியே கிடையாது. அவனை முதல் ஆளாகப் பொறுக்கியது டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அணி. வாஷிங்டனிலிருந்து ஆர்லிங்டன் ஊருக்குக் குடிபெயர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது அந்த அணிக்கு. 1972-ல் 100 ஆட்டங்களில் தோல்வி. பார்க்க யார் வருவார்கள்? மைதானம் காலியாகக் கிடந்தது. முதலாளி பாப் ஷார்ட்டுக்குப் பணமுடை.

வழக்கப்படி இப்படிப்பட்ட பையனைக் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பி இரண்டு மூன்று ஆண்டுகள் பழக்குவார்கள். முதலாளி வேறு கணக்குப் போட்டார். 1973 ஜூன் 27-ந் தேதி, பள்ளிக்காகக் கடைசியாகப் பந்து வீசி ஏறக்குறைய மூன்று வாரமே ஆகியிருந்த நிலையில், பையனைப் பெரிய மைதானத்தில் இறக்கினார். கூட்டம் 35,698 பேர்! சாலையெங்கும் கார்கள் நின்றுபோனதால், ஆட்டத்தையே சற்றுத் தாமதித்துத் தொடங்கவேண்டியதாயிற்று.

பையன் கை நடுங்கியிருக்க வேண்டும். முதல் இரண்டு பேருக்கும் அவன் வீசிய பந்துகள் குறி தப்பின. இருவரும் மட்டையை வீசாமலே முதல் தளத்துக்கு நடந்துபோனார்கள். அப்புறம் நடந்ததுதான் விந்தை. அடுத்த மூன்று பேரும் பந்தைத் தொட முடியாமல் வெளியேறினார்கள். ஐந்து சுற்றுகள் வீசினான். எதிரிகள் அடித்த நல்ல அடி ஒன்றே ஒன்று. எட்டுப் பேரை வீழ்த்தினான். ரேஞ்சர்ஸ் 4-3 என்று வென்றது. எல்லோரும் அந்த எட்டுப் பேரைப் பற்றித்தான் பேசினார்கள். அதே ஆட்டத்தில் ஏழு பேரை இனாமாக நடக்க விட்டானே, பையன் இன்னும் பழகவில்லை என்பதற்கு அதுவே அடையாளம் அல்லவா? அதை எண்ணிப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை.

இரண்டே ஆட்டம், பிறகு கீழ்நிலை அணி என்றுதான் முதலில் பேச்சு. கூட்டத்தைக் கண்ட முதலாளிக்கு அனுப்ப மனம் வருமா? டிக்கெட் விற்கிறது, பையன் வீசிக்கொண்டே இருக்கட்டும்! அந்த ஆண்டு கிளைட் 4 வெற்றி, 8 தோல்வி. மறு ஆண்டு 3 வெற்றி, 9 தோல்வி. பின்னர் தோளில் அறுவை சிகிச்சை. 1979-ல் பெரிய அணிகளில் அவர் காலம் முடிந்தது. மொத்தம் 18 வெற்றி, 33 தோல்வி. அப்போது வயது 24. முதலாளியோ 1974-லேயே அணியை விற்றுவிட்டுப் போய்விட்டார்.

பழியை முதலாளி தலையில் கட்டிவிடுவது எளிது. ஆனால் அவர் விற்றது ரசிகர்களின் ஆசையைத்தானே? ஒரு பையன் வந்து ஒரே இரவில் ஊரின் மானத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். காசு கொடுத்தவனுக்கு ஆசைப்பட உரிமை உண்டு. கைதட்ட வந்தவன் இரண்டு ஆண்டு காத்திருக்கவும் சம்மதித்திருந்தால், முதலாளியின் கணக்கு பலித்திருக்காது.

அதே ஆண்டு பொறுக்கப்பட்ட ராபின் யவுன்ட் 18 வயதிலேயே பெரிய அணியில் ஆடிப் புகழ் பெற்றாரே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர் மட்டைக்காரர். மட்டைக்காரன் தவறினால் அடுத்தவன் வந்து ஈடுகட்டுவான். பந்து வீசுகிறவன் தவறினால் ஆட்டம் போகிறது. வீசக்கூடாத அளவு வீசினால் தோளே போகிறது.

இதில் நமக்கு ஆறாத ஒன்று உண்டு. அந்த நாளில் பெரிய அணிகளில் நான்கு ஆண்டு சேவை இருந்தால்தான் பென்ஷன். கிளைட்டுக்கு 37 நாட்கள் குறைந்தன! பெரிய அணிகளில் அவர் காலம் முடிந்த மறு ஆண்டு, 1980-ல், 43 நாட்கள் ஆடியிருந்தாலே போதும் என்று விதியை மாற்றினார்கள். முன்னால் ஆடியவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டார்கள். 2011-ல்தான் இத்தகைய பழைய ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை கொடுக்க முன்வந்தார்கள். அதுவும் பென்ஷன் அல்ல. ஆட்டக்காரர் கண்ணை மூடினால் மனைவிக்கு ஒரு காசு கிடையாது. கோடி கோடியாக வருமானம் வரும் ஆட்டத்தில், ஒரு வெற்று மைதானத்தை நிரப்பிக் காட்டிய மனிதருக்கு 37 நாட்களை விட்டுக்கொடுக்க இவர்களால் முடியாதா?