பூட்டினால் மிச்சமாகுமா?

அரசாங்கத்தின் கையில் பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது வாதாட ஆளில்லாதவரின் பங்கே. பாடசாலையை மூடினால் பெற்றோர் திரள்வர். வைத்தியசாலையை மூடினால் ஊரே கொதித்தெழும். பொதுப் பூங்காவுக்கோ வாக்குமில்லை, சங்கமுமில்லை. ஆகவே திறைசேரியின் பேனா அதன்மீது எளிதாகப் பாய்ந்துவிடுகிறது. பூங்காவைப் பூட்டினால் செலவு மிச்சம் என்னும் இக்கணக்கு சரியானதுதானா? ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இதற்குத் தக்க விடை பகர்கிறது.

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் கலிபோர்ணியா மாநில அரசாங்கம், தன்னிடமிருந்த 278 பூங்காக்களில் எழுபதை மறு ஆண்டு யூலை மாதத்துக்குள் மூடப்போவதாக அறிவித்தது. அதனால் மிச்சமாகும் என்று சொல்லப்பட்ட தொகை 2 கோடி 20 இலட்சம் டொலர். அம்மாநிலப் பொது நிதியின் அவ்வாண்டுச் செலவோ 8,500 கோடி டொலருக்கு மேல். பதினாயிரம் டொலர் செலவிடுபவன் மூன்று டொலரைக்கூட மிச்சம் பிடிக்காத சிக்கனம் இது. இதற்காகவே எழுபது பொது நிலங்களின் வாயில்களில் பூட்டுத் தொங்கவிருந்தது!

பூங்காவைப் பொறுத்தவரையில் செலவு ஓர் ஏட்டில் ஒரே வரியில் நிற்கிறது. வரவோ நூறு ஏடுகளில் சிதறிக் கிடக்கிறது. பூங்காவை நாடி வருபவன் வழியில் எரிபொருள் வாங்குகிறான், விடுதியில் தங்குகிறான், கடையில் உண்கிறான். அக்கடைக்கு மரக்கறியும் பாலும் கொடுக்கும் கமக்காரனும் அவனால் பிழைக்கிறான். இவர்கள் கட்டும் வரி வேறோர் இலாகாவின் வரவாகப் பதிவாகிறது. செலவு ஏட்டை மட்டும் விரித்துவைத்துத் தீர்ப்புக் கூறுவது, ஒரு தரப்புச் சாட்சியை மட்டும் விசாரித்து வழக்கை முடிப்பதற்கு ஒப்பாகும்.

மறு தரப்புச் சாட்சி 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் கிடைத்தது. வரவு செலவுப் பிணக்கினால் அமெரிக்க மத்திய அரசாங்கத்தின் பணிகள் 16 நாட்கள் தடைப்பட்டன. 401 தேசீய பூங்காக்களும் நினைவிடங்களும் மூடப்பட்டன. சிக்கனங் கருதிச் செய்த மூடல் அன்று அது. எனினும், மூடலின் விலையை அளந்து காட்டிய சோதனையாயிற்று. அம்மாதத்தில் வழமையிலும் 78 இலட்சம் வருகைகள் குறைந்தன என்றும், பூங்காக்களை அண்டிய ஊர்கள் 41 கோடி 40 இலட்சம் டொலர் வருவாயை இழந்தன என்றும் தேசீய பூங்காச் சேவை பின்னர் கணக்கிட்டது. வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஊழியருக்கோ அந்நாட்களின் சம்பளம் பின்னர் முழுமையாகக் கொடுக்கப்பட்டது. வேலையும் நடக்கவில்லை, பணமும் மிஞ்சவில்லை.

யூட்டா, அரிசோனா, நியூயோர்க் உள்ளிட்ட ஆறு மாநிலங்கள் மூடல் முடியும்வரை பொறுத்திருக்கவில்லை. தாமே பணந் திரட்டிக் கட்டிச் சில பூங்காக்களைத் திறப்பித்தன. அவ்வாறு செலவான ஒவ்வொரு டொலருக்கும் ஏறத்தாழப் பத்து டொலர் அவ்வூர்களில் புழங்கியது என்பது அதே சேவையின் மதிப்பீடு. பூட்டின் விலையை நன்குணர்ந்தவர்கள் பூங்காவின் வாயிலில் வாழ்பவர்களே.

பூட்டிய பின்னும் செலவு நிற்பதில்லை. காவல் வேண்டும்; காட்டுத்தீக்குத் தடுப்பு வேண்டும்; கூரையும் குழாயும் கவனிப்பாரின்றிக் கெடும். பட்டியலிற் சேர்ந்த எழுபதில் ஒன்றான புரொவிடன்ஸ் மலைப் பூங்கா 2011 சனவரியிலேயே மூடப்பட்டிருந்தது. ஆளில்லாத அவ்விடத்திற் புகுந்த திருடர் மின்கம்பிகளையும் அறுத்துச் சென்றனர். அதன் கதவு மீண்டும் திறந்தது 2017 நவம்பரில்தான்.

சட்டத்தின் பக்கமும் ஒன்றுண்டு. பொதுமக்களின் பாவனைக்கென்று மத்திய அரசாங்கம் கொடுத்த நிலத்தை மூடிவைக்க மாநிலத்துக்கு உரிமையில்லை. 2009ஆம் ஆண்டில் கலிபோர்ணியா இன்னும் பெரிய மூடல் திட்டத்தை முன்வைத்தபோது, அவ்வாறு பெற்ற ஆறு பூங்காக்களின் நிலத்தைத் திரும்பப் பெற நேரிடும் என்று தேசீய பூங்காச் சேவை எச்சரித்தது. நிபந்தனையோடு பெற்ற சொத்தை நிபந்தனையை மீறி வைத்திருக்க முடியாதென்பது சட்டத்தின் அரிச்சுவடியன்றோ?

பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் பணமில்லாதபோது பூங்கா எதற்கு என்று கேட்பாருளர். நியாயமான கேள்விதான். வரும்படி தராத செலவை வெட்டிப் பாடசாலையைக் காப்பாற்றுவதை எவரும் எதிர்க்கமாட்டார். வரும்படி தரும் செலவை வெட்டினால் நாளை பாடசாலைக்குச் சேரவேண்டிய வரிப்பணமே குறையும். பஞ்சத்திலும் கமக்காரன் விதைநெல்லில் கைவைக்க அஞ்சுவது இதனாலேயே.

கலிபோர்ணியாவின் கதை முடிந்த விதமும் கவனிக்கத்தக்கது. ஊர்ச் சங்கங்களும் கொடையாளரும் முன்வந்தமையால் அநேகமாக எல்லாப் பூங்காக்களும் மூடலிலிருந்து தப்பின. அதற்கிடையில், 2012 யூலையில், பூங்கா இலாகாவின் கணக்குகளில் 5 கோடி 40 இலட்சம் டொலர் வெளியே காட்டப்படாமற் கிடந்தமை அம்பலமாயிற்று. அதில் 2 கோடிக்கு மேற்பட்ட தொகை பூங்கா நிதியிலேயே இருந்தது! இலாகாத் தலைவர் பதவி துறந்தார். மூடியே தீரவேண்டும் என்று முழங்கியபோது, பெட்டியில் இருந்ததை எண்ணிப் பார்த்தாரில்லை. கொடையாளர் இல்லாத ஏழை ஊராயின் அதன் பூங்காவின் கதி என்னவாகியிருக்கும்?

சிக்கனம் என்ற சொல் 2022ஆம் ஆண்டின் நெருக்கடிக்குப் பின் நம் நாட்டிலும் அடிக்கடி ஒலிக்கிறது. சிக்கனத்தை நாம் வெறுக்கவில்லை, கணக்கைக் கேட்கிறோம். பொதுவிடம் ஒன்றை மூட எண்ணும் எந்த ஆட்சியும், மிஞ்சும் தொகை எவ்வளவு, இழக்கும் தொகை எவ்வளவு, இழப்பவர் யார், சட்டம் என்ன சொல்கிறது என்ற நான்கையும் எழுத்தில் வெளியிடட்டும். மக்கள் அதைப் படித்து வாதாடிய பின்னர் பூட்டைத் தேடலாம். கணக்குக் காட்டாத பூட்டுக்கு மக்கள் இணங்க வேண்டியதில்லை.